ஐம்பதாவது நாள் என்ன நடந்தது?

இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றியாயிற்று. பத்து நிமிஷத்தில் இறக்க வேண்டும். கூடத்துக் கடிகாரத்தில் ஒரு கண் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சமயம் பார்த்து உங்கள் கணவர், "இது பத்து நிமிஷம் மெதுவாக ஓடுகிறதே!" என்று முள்ளைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். கடிகாரத்தைக் கேட்டால் இட்லி வெந்துவிட்டது என்கிறது. தட்டிலோ இன்னும் மாவுதான்!

கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடம் உண்டு. ஆகவே அது இரண்டு கடிகாரங்கள் வைத்திருக்கிறது. ஒன்று, நமக்குத் தேதியும் மணியும் காட்ட. அதை அவ்வப்போது திருத்துவார்கள். மற்றொன்று தன் சொந்த உபயோகத்துக்கு. அதில் மணியும் இல்லை, தேதியும் இல்லை. இயந்திரத்தை முடுக்கிய கணத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும். அவ்வளவுதான்.

செல்போனில் பணம் அனுப்புகிறீர்கள். பாங்கியிலிருந்து பதில் இல்லை. எத்தனை நேரம் காத்திருப்பது? முப்பது வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போனை உள்ளிருந்து நிர்வகிக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம், அப்போதைய எண்ணிக்கையோடு முப்பது வினாடியைக் கூட்டிக் குறித்துக்கொள்கிறது. எண்ணிக்கை அந்த இடத்துக்கு வந்ததும், "பதில் வரவில்லை, இனி உன் பாடு" என்று காத்திருக்கும் புரோகிராமைத் தட்டி எழுப்புகிறது. 'டைம் அவுட்' என்பது இதுதான்.

இதில் ஆபத்து எங்கே? மின்சார மீட்டரில் எல்லா இடமும் 9 ஆனபின் மறுபடி பூஜ்யம் வருகிறதல்லவா? கம்ப்யூட்டரின் மீட்டருக்கும் எல்லை உண்டு. வினாடியை ஆயிரமாகப் பிரித்து 32 பிட்டில் எண்ணினால், 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296-ஆவது எண்ணுக்கு இடமில்லை. அதை எட்ட 49 நாளும் 17 மணி நேரமும் ஆகும். 'விண்டோஸ் 95' ஓயாமல் ஓடினால் ஐம்பதாவது நாள் மூச்சடைத்து நின்றது இதனால்தான்.

வீட்டுக் கம்ப்யூட்டர் நின்றால் போகட்டும். 2004 செப்டம்பர் 14 அன்று நின்றது வேறு. அமெரிக்காவில், தென் கலிபோர்னிய ஆகாயத்தைக் கவனிக்கும் பாம்டேல் நிலையத்தில், விமானிகளோடு பேசும் ரேடியோ ஏற்பாடு திடீரென்று ஊமையாகிவிட்டது. மாற்று ஏற்பாடும் கைகொடுக்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல்! திரையில் விமானங்கள் நெருங்குவது தெரிகிறது. "விலகிப் போ" என்று சொல்ல வழியில்லை. சொந்த செல்போன்களில் மற்ற நிலையங்களைக் கூப்பிட்டுத் தவித்தார்கள். சில விமானங்கள் விதித்த தூரத்தைவிட நெருங்கிவிட்டன. நல்ல வேளை, மோதல் இல்லை.

காரணம், அதே 49 நாள் மீட்டர். கோளாறு முன்பே தெரியும்! முப்பது நாளுக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி முடுக்கு என்பதுதான் அதற்குச் செய்திருந்த பரிகாரம். அந்த முறை அது நடக்கவில்லை. மறந்தவரைக் குற்றம் சொல்வது சுலபம். பால் பொங்காமல் பார்ப்பதிலிருந்து பள்ளிக்கூடச் சம்பளம்வரை எல்லாவற்றையும் ஒரே ஆளின் ஞாபகத்தில் ஏற்றும் வீடுகளை நமக்குத் தெரியாதா?

இன்று 64 பிட்டில் எண்ணுகிறார்கள். அந்த மீட்டர் தீர 58 கோடி ஆண்டுக்கு மேலாகும். ஆனால் சின்ன மீட்டர்கள் அத்தனையும் ஒழிந்தபாடில்லை. 2015-ல் போயிங் 787 விமானத்தில் ஒன்று அகப்பட்டது. 248 நாள் மின்சாரத்தை நிறுத்தாமலே விட்டால், விமானத்தின் மின்சாரம் முழுவதும் போய்விடக்கூடுமாம். அமெரிக்க அரசாங்கம் உடனே உத்தரவு போட்டது: தவணை தவறாமல் அணைத்துப் போடுங்கள்!