ஹைடல்பேர்க்கில் படிப்பு இலவசமா?

‘ஜேர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பு இலவசம்’ என்ற பேச்சை நம்பிக் காணியை ஈடு வைப்பதற்கு முன், அந்தப் பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அங்கு உயர்கல்வி மாநில அரசுகளின் பொறுப்பு. கட்டண விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நெக்கார் ஆற்றங்கரையில் 1386இல் தொடங்கிய ஹைடல்பேர்க் பல்கலைக்கழகமே இன்றைய ஜேர்மனியில் மிகப் பழையது. பன்சனும் கிர்க்கோஃப்பும் சீசியம், ருபீடியம் என்ற மூலகங்களைக் கண்டுபிடித்தது இங்குதான். இங்குள்ள தெற்காசிய நிறுவகத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால், இது இருப்பது பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்கால அரையாண்டு முதல் அந்த மாநிலம் அரையாண்டுக்கு 1,500 யூரோ அறவிடுகிறது. மூன்று வருட இளமாணிப் படிப்புக்கு 9,000 யூரோ. எல்லா மாணவரும் அரையாண்டு தோறும் செலுத்தும் சிறு கட்டணம் வேறு.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் இதைவிடப் பெரிது. முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் வருடத்துக்கு 11,904 யூரோ இட வேண்டும் என்பது 2024 செப்டெம்பரில் வந்த விதி. தொகை இடைக்கிடை கூடும். இது யாருக்கும் கொடுக்கும் கட்டணம் அல்ல. மாணவரின் பெயரில் இருக்கும் அவரது சொந்தப் பணம். அங்கு போன பின் மாதம் 992 யூரோ வீதம் எடுத்து வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் செலவழிக்கலாம். இதைத் தன் கணக்கில் போடச் சொல்லும் முகவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

மொழியை நம் ஆட்கள் அநேகமாகக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். மருத்துவம் உட்படப் பெரும்பாலான முதற்பட்டப் படிப்புகள் ஜேர்மன் மொழியில்தான் நடக்கின்றன. ஏ1, ஏ2 சான்றிதழ்களை வைத்துக்கொண்டு விரிவுரையில் உட்கார முடியாது. சி1 அளவு தேர்ச்சி வேண்டும். பௌதிகவியல், மூலக்கூற்று உயிரியல் போன்ற துறைகளில் ஆங்கிலத்தில் முதுமாணி படிக்கலாம்.

உண்மையில் நல்ல வாய்ப்பு அதற்குப் பிறகுதான். கலாநிதிப் பட்ட ஆய்வாளர்களுக்கு அந்த 1,500 யூரோ கிடையாது. விஞ்ஞானத் துறைகளில் பலர் சம்பளத்துடன் ஒப்பந்தத்தில் ஆய்வு செய்கிறார்கள். பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் ஜேர்மன் புற்றுநோய் ஆய்வு மையமும் இந்நகரில்தான் உள்ளது. நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு 2017 முதல் போடப்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசிக்கு அடிப்படையான ஆய்வைச் செய்து, 2008இல் நோபல் பரிசு பெற்ற ஹரால்ட் சூர் ஹவுசன் இருபது வருடங்கள் அதன் தலைவராக இருந்தவர். அத்தகைய ஆய்வுகூடங்களில் இடம் தேடுவோர், ஆய்வை நெறிப்படுத்தக்கூடிய பேராசிரியரின் கட்டுரைகளை வாசித்துவிட்டு, அவருக்கே நேரடியாக எழுதலாம். அதற்கு முகவர் தேவையில்லை.