உடைந்த விமானத்துக்குப் புதுக் கண்ணாடி!

நெய்வேலியில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் அழுகைச் சத்தம் கேட்டது.

"என்னடா தம்பி, ஏன் அழுகிறாய்?"

"மாமா! என் மிக் விமானம் உடைந்து விட்டது!"

பையனுக்கு வயது 12. கையில் ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் விமானம். ஆறு மாதம் காசு சேர்த்து, பெட்டியாக வாங்கி, துண்டு துண்டாக ஒட்டி, வர்ணம் பூசி, அவனே செய்தது. மேசையிலிருந்து விழுந்து விட்டது.

இறக்கை உடையவில்லை. வால் உடையவில்லை. விமானி உட்காரும் இடத்துக்கு மேலே இருந்த கண்ணாடி மூடிதான் நொறுங்கி விட்டது.

"அந்தத் துண்டு மட்டும் கடையில் கிடைக்காதாம். முழுப் பெட்டியும் வாங்க வேண்டுமாம். அப்பா முடியாது என்கிறார்" என்று விம்மினான்.

"அழாதே. நாமே செய்து விடலாம்" என்றேன்.

ஒரே ஆண்டு

மிக்-21 போர் விமானத்தை வாங்க இந்தியா உடன்பாடு செய்தது 1962-ல். ரஷியர்களின் உதவியோடு கட்டிய நெய்வேலி அனல் மின் நிலையத்தில் முதல் எந்திரம் ஓடியதும் அதே 1962-ல்தான். அந்தப் பழைய மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. மிக்-21 விமானம் 2025 செப்டம்பர் 26-ந் தேதி ஓய்வு பெற்றது. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் பையன் காசு சேர்க்கத் தொடங்கினானாம்.

அது கண்ணாடி அல்ல!

விமானத்தின் மூடியைக் கண்ணாடி என்று சொல்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். 1930-களில் இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் விற்பனைக்கு வந்தது. கண்ணாடியின் எடையில் பாதிதான் இருக்கும். கண்ணாடி போலவே தெளிவாகத் தெரியும். சுமார் 150 டிகிரி சூடு காட்டினால் தோல் போல வளையும். ஆறியதும் அதே வடிவத்தில் நின்று விடும்.

சூடு காட்டு, வளை, ஆற விடு! விமானத் தொழிற்சாலையின் இந்த வித்தைதான் நம் வீட்டு வேலைக்கும்.

செய்வது எப்படி?

முதலில் அச்சு வேண்டும். உடைந்த துண்டுகளை ஒட்டும் நாடாவால் சேர்த்து, நீளம், அகலம், உயரம் அளந்து கொண்டோம். மிருதுவான மரத்துண்டு ஒன்றை அத்தான் அந்த வடிவத்தில் செதுக்கிக் கொடுத்தார். இங்கே இரண்டு செய்தி கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் தகட்டின் கனம் மேலே வந்து சேரும். ஆகையால் அச்சு அந்தக் கனத்துக்குத் தக்கபடி சற்றே சிறியதாக இருக்க வேண்டும். அடிப்பக்கம் ஒரு விரற்கடை அதிகமாக இருக்க வேண்டும். பிறகு வெட்டிக் கொள்ளலாம்.

அச்சை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். மரத்தின் ஒவ்வொரு கோடும் பிளாஸ்டிக்கில் பதிந்து விடும். தேய்த்த பிறகு முகப் பவுடர் கொஞ்சம் தடவினோம். ஒட்டாமல் வரும்.

அடுத்தது பலகை. மெல்லிய பலகையில், அச்சு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டோம். சுற்றிலும் ஒரு தகட்டின் கனத்துக்குச் சற்று அதிகமாக இடைவெளி விட்டோம். தெளிவான பிளாஸ்டிக் தகட்டை அதன் மேல் வைத்து, நாலு பக்கமும் குண்டூசி அடித்தோம். 'பெட்-ஜி' என்று கேட்டு வாங்கிய தகடு. அரை மில்லிமீட்டர் கனம்.

பலகையை மின்சார அடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தோம். தகடு முதலில் நெளிந்தது. பிறகு நடுவில் தொட்டில் போலத் தொங்கியது. அதுதான் சமயம்! அடுப்பிலிருந்து எடுத்து, அச்சை ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். சொம்பின் மேல் ஈரத் துணியை இழுத்துப் பிடித்தது போலத் தகடு அச்சின் மேல் படியும். அரை நிமிடம் அசையாமல் பிடித்தால் இறுகி விடும்.

முதல் முறை சூடு போதவில்லை. கிழிந்து விட்டது. இரண்டாம் முறை சூடு மிஞ்சிக் கொப்புளம் கண்டது. பையன் முகம் வாடியது. மூன்றாம் முறை...

ஜம்மென்று வந்து விட்டது!

சோடா பாட்டிலும் போதும்

தகடு கிடைக்காதவர்கள் குளிர்பான பாட்டிலை வெட்டி எடுத்துக் கொள்ளலாம். அடியில் முக்கோணத்துக்குள் '1' என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பாட்டிலை இழுத்து ஊதித்தான் செய்கிறார்கள். மறுபடி சூடு பட்டால் சுருங்கும். அச்சை உள்ளே வைத்துச் சூடான காற்றை ஊதினால், தானே இறுக்கிக் கவ்விக் கொள்ளும். சூடு அதிகமானால் பால் போல வெளுத்து விடும்.

'3' என்ற எண் உள்ள பொருளை மட்டும் சுடவே கூடாது. அதன் புகை கெடுதி. எதைச் சுட்டாலும் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். அடுப்பு வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

ஒட்டும்போதும் ஒரு கண்டம் உண்டு. உடனே ஒட்டும் பசையைப் போட்டால் அதன் ஆவி பட்டு மூடி மங்கி விடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே நல்லது. காய்ந்தால் தெரியாது.

விமானத்திலிருந்து கண்ணுக்கு!

பையனின் பாட்டி, அதாவது என் தாயார், எல்லாவற்றையும் பார்த்துக் கொண்டிருந்தார். கண்புரை எடுத்து, உள்ளே லென்ஸ் வைத்துக் கொண்டவர்.

"அம்மா, உங்கள் கண்ணுக்கும் இந்த மூடிக்கும் உறவு உண்டு" என்றேன்.

"என்னடா உளறுகிறாய்?"

உளறல் அல்ல. இரண்டாம் உலகப் போரில், 1940-ல், குண்டு பட்டு ஒரு பிரிட்டிஷ் விமானத்தின் மூடி நொறுங்கியது. அக்ரிலிக் சிதறல்கள் விமானியின் கண்களில் பாய்ந்தன. இப்படிப்பட்ட காயங்களைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்ற லண்டன் டாக்டர் ஒரு புதுமையைக் கண்டார். சிதறல் கண்ணுக்குள் கிடந்தும் கண் சிவக்கவில்லை, சீழ் பிடிக்கவில்லை. அப்படியானால் அதே பொருளில் லென்ஸ் செய்து வைத்தால் என்ன? 1949 நவம்பர் 29-ந் தேதி அதைச் செய்து காட்டினார்.

வெகு காலம் அந்த லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992-ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் அதைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. பார்வை இழந்து மூலையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ தாய்மார்கள் எழுந்து நடமாடினார்கள்.

என் தாயார் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு விமானத்தை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உள்ளே குட்டி நாற்காலி கூடத் தெரிகிறதே! ஆனால் இடது பக்கம் ஒரு மயிரிழை தூக்கி நிற்கிறது, பார்" என்றார்.

பையன் பார்த்தான். உண்மைதான்! உப்புத்தாளை எடுக்க ஓடினான்.