தட்டாஞ்சாவடிக்கு 605009, ஏனாமுக்கு?

புதுச்சேரி ஒன்றியப் பிரதேச மக்களின் முகவரியை வாங்கும் ஓர் இணையப் படிவம். கோரிக்கையைப் பெற்றுப் பதில் அனுப்பும் நிரல்துண்டை ஹேண்ட்லர் என்பார்கள். 'அஞ்சல் குறியீடு 605 என்றே தொடங்க வேண்டும்' என்று அதில் எழுதிவிட்டால், தட்டாஞ்சாவடியின் 605009 தடையின்றி நுழையும். காரைக்காலின் 609602 வாசலிலேயே நிற்கும். கேரளத்தை ஒட்டிய மாகேயின் 673310, ஆந்திரத்துக்குள் இருக்கும் ஏனாமின் 533464 கதியும் அதுதான். (பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன வரைபடம் அப்படி!) பிரவுசரில் ஒருமுறை நிரப்பிப் பார்த்தால் போதாதா? போதாது, நிரப்புகிறவர் பெரும்பாலும் தன் ஊர் எண்ணைத்தான் தட்டுவார். அதனால்தான் நிரலின் ஒரு துண்டை மட்டும் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் வேண்டும். அது சர்வரை ஓட்டுவதில்லை, நெட்வொர்க்கையும் தொடுவதில்லை. கோரிக்கை ஒன்றைச் செயற்கையாக உருவாக்கி ஹேண்ட்லரிடம் நேரே கொடுக்கிறது. பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோவின் ரெக்வெஸ்ட் ஃபேக்டரி இதற்கென்றே உள்ள கருவி. நான்கு குறியீடுகளுக்கும் 200 (சரி) என்ற பதில், ஐந்திலக்க எண்ணுக்கு 400 (தவறான கோரிக்கை) வர வேண்டும். நொடியில் முடிவதால் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்பும் ஓட்டலாம்.

யூனிட் டெஸ்டில் உண்மையான டேட்டாபேஸுக்குப் பதிலாக வைக்கும் போலி டேட்டாபேஸ் எதற்கும் தலையாட்டுமே என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சோதிக்கும் இன்டகிரேஷன் டெஸ்ட் தனியே வேண்டும். ஆனால் அது தவறினால் பிழை எந்த அடுக்கில் என்று தேடி அலைய வேண்டியிருக்கும். இன்னும் கூர்மையான கேள்வி: ஏனாமை மறந்தவர் டெஸ்டிலும் மறப்பாரே? மறப்பார்தான். டெஸ்ட் புவியியல் கற்றுத்தராது. ஏனாமிலிருந்து முதல் புகார் வந்ததும் 533464 ஒரு டெஸ்டாகிவிட்டால், அடுத்த ஆண்டு வேறொருவர் நிரலை மாற்றும்போது அதே பிழை சத்தமில்லாமல் திரும்பி வராது.