கடவுச்சொல்லும் நம் பிள்ளைகளும்



தோழியின் கடவுச்சொல்லைத் தற்செயலாக அறிந்துகொண்ட ஒரு மாணவி, அவளது மின்னஞ்சலைத் திறந்து வாசித்துவிட்டாள். எதையும் அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. இது குற்றமா?

தரம் 9 வகுப்பில் இதை நான் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் "இல்லை சேர்" என்றனர். இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் உங்கள் பிள்ளைகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

எமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம், அனுமதியில்லை என்று தெரிந்தும் நுழைவதையே குற்றமாகக் கொள்கிறது. ஒரு இலட்சம் ரூபா வரை தண்டப்பணம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் தண்டனையை முதலில் சொன்னால் பிள்ளை பயப்படும்; சிந்திக்காது. ஆகவே அதை நான் கடைசியில்தான் சொல்வேன்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுப்பது. மற்றவர் சொல்லாமல் எவருக்கும் முழுப்பாடமும் விளங்காது. அதன்படி நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்தேன். ஒருவருக்கு அனுமதியின்றி நுழைதல். ஒருவருக்கு நம்பித் தந்த கடவுச்சொல்லை வெளியிடுதல். ஒருவருக்குத் திருடிய தகவலைக் கையாளுதல். ஒருவருக்குக் கணனி மென்பொருளுக்கும் காப்புரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடி ஆராய்ந்தபின், தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பித்தார்கள். சட்டத் தமிழ் பெரியவர்களுக்கே கடினம் என்பதால் எளிய நடையில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

வகுப்பு சூடுபிடித்தது மூன்றாவது துண்டில்தான். ஒருவரின் கணனியிலிருந்து அனுமதியின்றி எடுத்தது என்று தெரிந்தும் அதை வாங்குவது, வைத்திருப்பது, பதிவேற்றுவது, பதிவிறக்குவது எல்லாமே 7ஆம் பிரிவின்கீழ் குற்றம். குறைந்தது ஆறு மாதம், கூடியது மூன்று வருடம் சிறை விதிக்க இடமுண்டு. "நான் எடுக்கல்லையே சேர், எனக்கு வந்ததுதானே!" என்றான் ஒரு மாணவன். அவனுக்குப் பதில் சொன்னது நானல்ல, அவனது குழுவிலிருந்த சிறுவன். "வந்தது தெரியாமலாக இருக்கலாம். தெரிஞ்ச பிறகு ஏன் வெச்சிருந்தாய்?"

பின்வரிசையில் இரண்டொருவர் தலைகுனிந்ததைக் கண்டேன். பெயர் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையின் படம் கைமாறிக் கைமாறி அவளைப் பாடசாலைக்கே வரவிடாமல் செய்துவிடும் என்பது பெண்மக்களைப் பெற்ற உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலில் எடுத்தவன் ஒருவன். அதைப் பரப்பியோர் பலர்.

மணி அடித்த பின் ஒரு மாணவி மேசையருகே வந்து நின்றாள். "நாநா என்ட கடவுச்சொல்லக் கேக்கிறார் சேர். குடுக்காட்டி உம்மாவும் ஏசுறா."

சின்னப் பிள்ளையின் தொலைபேசியை உம்மாவும் வாப்பாவும் பார்த்துக்கொள்வது அவர்களது பொறுப்பு; அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அந்தப் பொறுப்பு நாநாவுக்கு எப்படி வந்தது? அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு உம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். வந்தார். மகளை வெளியே இருத்திவிட்டு நீண்ட நேரம் பேசினார். போகும்போது, நாநாவின் தொலைபேசியை யார் பார்ப்பது என்று அவரே என்னிடம் கேட்டார்.