சுத்த போஜனம் யாருக்கு?

சென்ற வாரத்தில் ஒரு வழக்கின் நிமித்தமாகத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். நடுப்பகலில் கோர்ட்டு கலைந்த பின்னர், நண்பரொருவர் நம்மை ஒரு சிறு போஜனசாலைக்கு அழைத்துச் சென்றார். பெரிய வீதியை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஓர் ஓட்டு வீடு. திண்ணையைத் தாண்டினால் கூடத்தில் ஆறு மேஜைகள். அடுப்பங்கரை எல்லோருக்கும் தெரியும்படி திறந்திருந்தது. சுவரில் ஒரு கரும்பலகை. இன்றைய அரிசி எது, எந்த ஊரில் விளைந்தது, எண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டியது, கீரை யாருடைய தோட்டத்தது என்ற விவரங்களைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தனர். ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இடாமல் விளைந்த பொருள்களைக் கொண்டே சைவ உணவு சமைப்பது அந்தச் சாலையின் விரதம்.

வாழையிலையில் மாப்பிள்ளைச் சம்பாச் சோறு இட்டார்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பழகிய நம் கண்ணுக்கு அதன் சிவப்பு நிறம் முதலில் ஏற்கவில்லை. மென்று உண்ண உண்ண ஓர் இனிப்புத் தட்டிற்று. முருங்கைக்கீரைப் பொரியல், வாழைத்தண்டுக் கூட்டு, சாம்பார், மிளகு ரசம், மோர் என்பவையே மற்றவை. வழக்கமாக உண்ணும் சோற்றில் பாதியளவிலேயே பசி தீர்ந்துவிட்டது. உண்ட மயக்கமும் இல்லை.

நாம் உண்டுகொண்டிருக்கையில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் அரிசி மூட்டையொன்றைச் சுமந்துவந்து இறக்கினார். சாலைக்குரியவர் அவரை உட்கார்ந்து சாப்பிடும்படி உபசரித்தார். அவரோ ஒரு குவளை மோர் மட்டும் வாங்கிக் குடித்தார். “இது உங்கள் வயலில் விளைந்ததுதானா?” என்று கேட்டோம். “ஆமாங்க ஐயா, எங்க வயல் நெல்லுதான்” என்றார். “வீட்டிலும் இதைத்தான் சமைக்கிறீர்களோ?” என்று மறுபடியும் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “அது எங்கேங்க ஐயா கட்டுப்படியாகும்? இதை வித்தாத்தான் கடன் அடையும். வீட்டுல ரேஷன் அரிசிதான்” என்று சொல்லிப் போய்விட்டார். அன்று நமது ஓர் இலைக்குக் கொடுத்த பணத்தில் அடுத்த தெருச் சாதாரண மெஸ்ஸில் இரண்டு பேர் உண்டிருக்கலாம். அந்த விவசாயியின் சொல் நம்முடன் ஊர் வரையில் வந்தது. இந்த வியாசத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் நினைக்கக்கூடும். 1888-ஆம் ஆண்டில் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிக்க லண்டன் சென்ற மோகன்தாஸ் காந்தி என்ற இளைஞர், தாயாருக்குக் கொடுத்த வாக்கைக் காக்க வேண்டிப் பசியோடு வீதி வீதியாக அலைந்தார். கடைசியில் பாரிங்டன் வீதியில் ஒரு சைவ போஜனசாலையைக் கண்டார். அந்நாட்டில் வயிறார உண்டது அன்றே முதல் முறை என்று அவரே எழுதியிருக்கிறார். அங்கே வாங்கிய ஸால்ட் என்பவரது சிறு நூல், தாய்க்காகக் கொண்ட விரதத்தைத் தம் சொந்தக் கொள்கையாக்கிற்று. பின்னர் லண்டன் சைவ சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் அமர்ந்து பொதுக் காரியம் பழகினார். அச்சங்கத்தாரின் பத்திரிகையிலேயே 1891-இல் தமது முதல் வியாசங்களையும் எழுதினார். ஆதலால் ஒரு சிறு போஜனசாலையை அற்பமென்று தள்ளுவது தேசபக்தருக்கு அழகன்று.

ரசாயனமில்லா விவசாயம் மேனாட்டார் நமக்குக் கற்பித்த புது நாகரிகம் என்று எண்ணுவாரும் உளர். இது பெரும் பிழை. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர் 1905-ஆம் ஆண்டில் பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு நிபுணராக வந்தார். வந்தவர், இந்நாட்டுக் குடியானவர்களையே தமது ஆசிரியர்களாகக் கொண்டதாக ஒப்புக்கொண்டார். இந்தூரில் சாணமும் குப்பையும் இலைதழையும் கொண்டு மக்கு உரம் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். அவர் 1940-இல் வெளியிட்ட விவசாய நூலை இன்றும் உலகத்து இயற்கை விவசாயிகள் போற்றுகின்றனர். நம் பாட்டனார் வயலில் கற்ற பாடமே கடல் கடந்து போய்ப் புதுப் பெயருடன் திரும்பி வந்திருக்கிறது.

தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவும் இதைத்தான் வற்புறுத்தினார். 1934-இல் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். தீட்டிய வெள்ளை அரிசியை விட்டுக் கைக்குத்தல் அரிசியை உண்ணுங்கள் என்று அவர் சொன்னது உடல் நலம் ஒன்றை மட்டும் கருதியன்று. அரிசி குத்தும் கூலி கிராமத்துப் பெண்களின் கையில் தங்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது. கதரைப் போலவே சோறும் சுதேசியத்தின் ஓர் அங்கமென்று கண்டவர் அவர்.

நிற்க. எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது வழக்கறிஞர் தர்மமன்று. 1965, 1966-ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தபோது, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து இத்தேசம் நின்றது. 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல் வகைகளும், ரசாயன உரமும், பம்பு செட்டும் சேர்ந்து விளைச்சலைப் பெருக்கின; பிறர் கையை எதிர்பார்க்கும் இழிவு நீங்கிற்று. அன்று உழைத்த விஞ்ஞானிகளை இன்று நிறைந்த வயிற்றோடு இருந்து ஏசுவது நன்றிகெட்ட செயலாகும். ஆனால் அந்த விளைச்சலுக்கு நாம் கொடுத்த கிரயமும் சிறிதன்று. மண் சத்திழந்தது, கிணறுகள் வற்றின, விதை, உரம், மருந்து மூன்றையும் கடையில் வாங்கவேண்டியவனாகக் குடியானவன் கடனில் ஆழ்ந்தான். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நெல் வகைகள் வயலை விட்டு மறைந்தன.

இந்தக் கிரயத்தை முதலில் கணக்கிட்டுக் காட்டியவருள் ஒருவர் கோ. நம்மாழ்வார். விவசாயப் பட்டம் பெற்று 1963-இல் கோவிற்பட்டி அரசாங்கப் பண்ணையில் உத்தியோகம் ஏற்ற அவர், அங்கே நடப்பது ஏழைக் குடியானவனுக்கு உதவாது என்று கண்டு 1969-இல் அதை உதறினார். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமாகும் வரையில் ஊர் ஊராக நடந்து இயற்கை விவசாயத்தைப் பிரசாரம் செய்தார். அவர் வழியில் வந்த நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தினார். வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார். அடுத்த ஆண்டில் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. பணமில்லாத இந்த வட்டியினால், 2018-இல் அவர் மறையுமுன் நூற்றெழுபது வகை அளவுக்குப் பழைய நெல் மீண்டும் வயலேறிற்று. நமது இலையில் விழுந்த மாப்பிள்ளைச் சம்பாவும் அத்தகைய முயற்சிகளால் பிழைத்ததே.

அப்படியானால் அதன் விலை ஏன் இவ்வளவு? சாலைக்குரியவர் கொள்ளையடிக்கவில்லை, அவரிடம் கணக்குக் கேட்டறிந்தோம். மாப்பிள்ளைச் சம்பா வயலில் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும், உயரமாக வளர்ந்து காற்றில் சாயும், விளைச்சலும் குறைவு. களைக்கு மருந்தில்லை, ஆள் வைத்துப் பறிக்கவேண்டும். ரசாயனத்தை விட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், மகசூல் குறைந்தும் இயற்கைப் பொருள் என்று விற்க முடியாத இடைக்காலம். இதன் மேல் கடை வாடகை. யூரியா வாங்குபவனுக்குச் சர்க்கார் மானியம் பெரிதும் தாங்குகிறது; சாணத்தை மக்கவைப்பவனுக்கு அவ்வளவு தாங்கல் இல்லை. ஆகவே இந்தச் சோற்றின் விலை அதிகமன்று. மற்றச் சோற்றின் முழு விலை நம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணும் பொக்கிஷமும் கட்டுகின்றன என்பதே உண்மை.

இனி நாம் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறோம். போஜனசாலை என்பது நம் நாட்டில் வெறும் வியாபார ஸ்தலமாக இருந்ததில்லை. பிறப்பைக் கேட்டுத் தனி இடத்தில் இலை போட்ட காலம் ஒன்று இருந்தது. சுத்தம் என்ற சொல்லே மனிதனை வெளியே நிறுத்தும் கதவாக இருந்தது. 1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனத்தின் 15-ஆவது ஷரத்து, பொது உணவகங்களில் சாதி மத பேதத்தால் எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. அதன் பின்னரும் 1957-இல் திருவல்லிக்கேணியில் ஒரு சாலையின் பலகையிலிருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்த நேர்ந்தது. இப்பொழுது அந்தப் பலகைகள் போய்விட்டன. ஆனால் விலைப்பட்டியல் என்ற வேறொரு பலகை, எழுத்தில் சாதி சொல்லாமலே, அதே மனிதர்களை வாசலில் நிறுத்துமாயின் நாம் அடைந்த பயன் என்ன? நெல்லை விளைத்தவர் மோர் குடித்துவிட்டுப் போகிறார். வழக்காடிப் பிழைக்கும் நாம் இலை போட்டு உண்கிறோம். சைவ உணவு உண்டதாலேயே நாம் உயர்ந்தவர், மீன் உண்டு நாற்று நடுகிறவள் தாழ்ந்தவள் என்ற இறுமாப்பும் இதனோடு சேருமானால், பழைய தீமை புதுப் பெயருடன் வந்து உட்காரும். சுத்தம் மண்ணிலும், கொடுக்கும் விலையிலும் இருக்கவேண்டும். உண்பவரைப் பிரிப்பதில் இல்லை.

இதற்குப் பரிகாரம் ஒரே நாளில் உத்தரவிட்டு முடிப்பதன்று. இலங்கைச் சர்க்கார் 2021-ஆம் ஆண்டில் ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தது. மாற்று உரமும் பழக்கமும் இல்லாத குடியானவர்கள் தத்தளித்தனர். சில மாதங்களிலேயே, நவம்பரில், தடையை விலக்கவேண்டியதாயிற்று. சிக்கிம் ராஜ்யமோ 2003-இல் சட்டசபையில் தீர்மானித்துப் படிப்படியாக நடந்து 2016-இல் முழு இயற்கை ராஜ்யம் என்று அறிவிக்கும் நிலையை எய்திற்று. பொறுமைக்கும் அவசரத்துக்கும் உள்ள பேதம் இதுவே.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2023-இல் இயற்கை வேளாண்மைக்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. காகிதத்திலுள்ள அது வயலுக்கு வரவேண்டும். இந்நாட்டில் 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைப்பது பசியை அகற்றிய பெருங்காரியம். அதைக் குறை கூறோம். ஆனால் பள்ளிச் சத்துணவிலும், மாணவர் விடுதிகளிலும், வாரத்தில் ஒரு நாளாவது அந்தந்த வட்டாரத்தில் இயற்கை முறையில் விளைந்த நெல்லையோ தானியத்தையோ சமைக்கும்படி கேட்கிறோம். விவசாயிக்கு நிச்சயமான கொள்முதல் கிடைக்கும். கூலிக்காரர் பிள்ளையும் அதை உண்ணும். இயற்கைக்கு மாறும் இடைக்கால ஆண்டுகளில் குடியானவனுக்கு நஷ்டத்தை ஈடுசெய்யும் உதவியும் வேண்டும். பொய்யாக இயற்கை என்று எழுதி விற்பவரைத் தண்டிக்க 2017-இன் விதிகள் இருக்கின்றன. அவற்றை அதிகாரிகள் கையாளட்டும்.

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. நமது வாசகர்களில் சங்கம் நடத்துவோர் பலர். ஒவ்வொரு சங்கமும் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயக் குழுவைத் தெரிந்துகொண்டு, அங்கத்தினருக்கு வேண்டிய நெல்லுக்கு விதைக்கும்பொழுதே விலை பேசி, ஒரு பகுதிப் பணத்தை முன்னரே கொடுக்கலாம். கடன்காரனிடம் அவர் போகவேண்டியதில்லை. பேசும் விலையில் ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: தம் வீட்டுக்கு ஓராண்டுக்குப் போதுமான நெல்லை எடுத்து வைத்த பிறகே மீதியை அவர் நமக்கு விற்கவேண்டும், அதற்கு ஏற்றபடி நாம் விலை கொடுக்கவேண்டும்.

அந்தச் சிறு சாலை நெடுங்காலம் நடக்கவேண்டுமென்றே விரும்புகிறோம். திருச்சிராப்பள்ளிக்குப் போனால் மறுபடியும் அங்கேதான் உண்போம். ஆனால் அந்த லால்குடி விவசாயி தம் வயல் நெல்லைத் தம் வீட்டு அடுப்பில் ஏற்றும் நாள் வரையில், சுத்தமான உணவு உண்டோம் என்று சொல்லிக்கொள்ள நமக்கு முழு உரிமை வந்துவிடவில்லை.