சுகருக்கும் பிரஷருக்கும் சோறு மட்டுமா காரணம்?
வடசென்னை மக்கள் அறிய வேண்டிய அறிவியலும் உரிமைகளும்

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒருவருக்குச் சுகர் இருப்பது தெரிந்ததும் வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எழும் முதல் கேள்வி, "சோத்தைக் குறைச்சியா, நடக்குறியா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்வியே. ஆனால் அவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார், எத்தனை வருடமாக நைட் ஷிப்ட் பார்க்கிறார், வேலையில் எந்தப் பொடியையும் புகையையும் ஏற்கிறார் என்று கேட்பவர் குறைவு. அதனால் நோயின் முழுப் பழியும் அவர் சாப்பாட்டுத் தட்டின்மேல் விழுந்துவிடுகிறது. செல்களைப் பற்றிய ஆய்வுகள் வேறு சேதி சொல்கின்றன. அந்தச் சேதி நமக்கு மருத்துவத்துக்கும் பயன்படும், சட்டப்படி கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் பயன்படும்.

செல்லுக்குள் நடப்பது என்ன?

உணவிலிருந்து வரும் குளுக்கோஸையும் கொழுப்பையும் ஆக்சிஜனோடு சேர்த்து ஆற்றலாக்கும் வேலை, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் நடக்கிறது. அடுப்பு எரிந்தால் சிறிது புகை எழுவதுபோல, இந்த வேலையிலும் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு உண்டாகும். அவற்றை அடக்கும் நொதிகளும் செல்லிடமே உண்டு. அடக்க முடியாத அளவுக்கு அவை பெருகும் நிலைக்குத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்போது செல்லின் சவ்வும் புரதமும் மரபணுவும் சேதமடைகின்றன.

பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை அது போய்ச் சேர்கிறது. நிலக்கரியும் கனரக எண்ணெயும் எரியும் இடங்களில் நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களும் அதில் ஒட்டியிருக்கும். அவை செல்லுக்குள் இந்த அழுத்தத்தை ஏற்றுகின்றன. உடம்பு அதை ஒரு தாக்குதலாக எடுத்துக்கொண்டு அழற்சிச் செய்திகளை ரத்தத்தில் அனுப்புகிறது. அந்தச் செய்திகள் கல்லீரலிலும் தசையிலும் இன்சுலினின் பேச்சு எடுபடாமல் செய்கின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரும் தளர்ந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. முன்னது சுகருக்கும் பின்னது பிரஷருக்கும் வழி திறக்கிறது.

மனச்சுமையும் தூக்கமின்மையும் இதோடு சேர்கின்றன. குளிர், காயம், மருந்து என்று வெவ்வேறு துன்பங்களைக் கொடுத்தும் எலிகளின் உடம்பு ஒரே விதமாக எதிர்வினை காட்டியதை ஹான்ஸ் செல்யே 1936-இல் எழுதினார். அட்ரீனல் சுரப்பி பெருத்தது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. அந்த அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் கார்ட்டிசால், கல்லீரலிலிருந்து குளுக்கோஸை ரத்தத்துக்குத் தள்ளுகிறது. ஒரு நாள் ஆபத்துக்கு அது துணை. மாதக்கணக்கில் நீடித்தால் அதுவே கேடு. இரவு ஷிப்ட் வேலையைப் 'புற்றுநோய் வரக் காரணமாக இருக்கக்கூடியது' என்ற பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வைத்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தபோதும் அதை மாற்றவில்லை. வெளிக்காற்று மாசைப் பொறுத்தவரை, அது புற்றுநோய் உண்டாக்கும் என்றே 2013-இல் உறுதியாக அறிவித்தது.

சான்று நம் ஊரிலேயே இருக்கிறது

சென்னையிலும் டெல்லியிலும் 12,000-க்கும் மேற்பட்டவர்களை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து கவனித்து, அவ்வப்போது ரத்தம் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்தியப் பொது சுகாதார அமைப்பாரும் அதில் பங்கேற்றனர். நுண்துகளின் ஆண்டு சராசரி ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால், இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் 22 சதவீதம் கூடுவதாக அது கண்டது.

அந்த ஆண்டுகளில் சென்னையின் சராசரி ஏறக்குறைய 30 முதல் 40 மைக்ரோகிராம். நம் நாட்டுச் சட்டம் ஏற்கும் ஆண்டு வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த வரம்பு 5. ஆகவே 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொல்லப்படும் காற்றும் உடம்புக்கு நல்ல காற்று என்று பொருளாகாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய ஆய்வு மக்கள் கூட்டத்தின் அபாயத்தைச் சொல்லும். உங்கள் சுகர் இன்ன புகைபோக்கியால் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது. கம்பெனிகளின் வழக்கமான பதிலும் 'எங்களால்தான் வந்தது என்று நிரூபியுங்கள்' என்பதுதான். அந்தப் பதிலைத் தாண்டிச் செல்லச் சட்டத்தில் வழிகள் இருக்கின்றன.

குடியிருப்பவரின் உரிமை

மாசற்ற காற்றும் நீரும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. நம் மாநிலத்துத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் வழக்கில் 1996-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. அறிவியல் முழு உறுதி தரும்வரை காத்திருக்க வேண்டாம், தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது, மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. செல் அறிவியல் காட்டும் மெதுவான சேதத்துக்கு ஏற்ற நீதி இதுதான். பத்து வருடம் கழித்து வெளிப்படும் நோய்க்கு இன்றே உறுதிச் சான்று கேட்பது நியாயமல்ல.

2010-ஆம் ஆண்டின் தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இந்தக் கொள்கைகளைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. விபத்தால் நேர்ந்த பாதிப்புக்கு யார் தவறு என்று நிறுவாமலே நிவாரணம் கோரலாம். நிவாரணத்துக்கும் இழப்பீட்டுக்கும் ஐந்து வருடத்துக்குள் மனு செய்ய வேண்டும். மற்ற சுற்றுச்சூழல் தகராறுகளுக்குக் காலக்கெடு ஆறு மாதம்தான். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனுக் கட்டணம் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடலோரத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, மூச்சுத் திணறலோடு மக்கள் வீதிக்கு ஓடினர். இரண்டையும் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் அன்றைய ஓபி சீட்டுதான் நாளைய ஆதாரம். வாயு கசிந்தால் நனைந்த துணியால் மூக்கை மூடி, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். கண்ணைச் சுத்தமான நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், 108-ஐ அழையுங்கள். எரிச்சல் அடங்கிவிட்டாலும் டாக்டரைப் பார்த்து, தேதியும் காரணமும் சீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொழிலாளியின் உரிமை

போபால் விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான தொழில் நடத்துபவர், அதிலுள்ள ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, சுற்றி வாழும் மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வைத்திருந்து, அவர் கேட்டால் காட்ட வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமைகள் தொடர்கின்றன. 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை உண்டு என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள். முடிவின் நகலையும் வாங்குங்கள்.

ஈயம், பென்சீன், கல்நார், சிலிக்கா தூசு போன்றவற்றால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருப்பதால் இழப்பீடு கோரலாம். சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் இஎஸ்ஐ காப்பீட்டில் சிகிச்சை உண்டு. விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தகுதி இருந்தால், 80 சதவீதம் இரண்டு வருடம்வரை நீளும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். இஎஸ்ஐ பிடித்தம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பவுடர் விற்பவரிடம் எச்சரிக்கை

'செல்லைச் சுத்தமாக்கும்', 'நச்சை வெளியேற்றும்' என்று பவுடரும் மாத்திரையும் இந்தப் பகுதிகளில் விற்பனைக்கு வருகின்றன. ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்றால் அதைத் தடுக்கும் மாத்திரை போதுமே என்று தோன்றலாம். அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைப்பவர்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. அமெரிக்காவில் புகைப்பவர்களையும் கல்நார்த் தொழிலாளர்களையும் சேர்த்து நடந்த இன்னொரு ஆய்விலும் அதே கதி. 1996-இல் அதைப் பாதியிலேயே நிறுத்த நேர்ந்தது. காயும் பழமும் நல்லவை. புகைபிடிப்பவரும் தூசில் வேலை செய்பவரும் டாக்டரைக் கேட்காமல் இத்தகைய மாத்திரையைத் தொட வேண்டாம். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

ஆய்வுக்கு ரத்தம் கேட்டால்

மேலே சொன்ன சென்னை ஆய்வு, ரத்தம் கொடுக்க முன்வந்த மக்களால்தான் நடந்தது. உங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு குழு வரலாம். வந்தால் பங்கேற்பது ஊருக்கே நன்மை. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி சில உரிமைகள் உங்களுக்கு உண்டு. என்ன ஆய்வு, மிச்ச ரத்தத்தை என்ன செய்வார்கள் என்று புரியும் தமிழில் விளக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் தர வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

இனி செய்ய வேண்டியவை

முப்பது வயதைத் தாண்டியவர்கள் சுகரையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மூச்சிரைப்பு இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டாக்டரிடம் உங்கள் வேலை, ஷிப்ட், வீடு இருக்கும் இடம் மூன்றையும் சொல்லி, சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் அனைவரின் சீட்டுகளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் வையுங்கள்.

மணலி, ராயபுரம் நிலையங்களின் காற்று அளவை 'சமீர்' செயலியில் பார்க்கலாம். அளவு மோசமான நாளில் படம்பிடித்து வையுங்கள். பக்கத்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்த இசைவாணையின் நிபந்தனைகளையும் புகைபோக்கிச் சோதனை முடிவுகளையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயில் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு. உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று பின்வாங்க வேண்டாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், தொழிற்சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-ஐ அழைத்தால் போதும்.

ஒருவரின் சீட்டைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஒரு தெருவே தன் சீட்டுகளைத் தேதியோடும் காற்று அளவோடும் சேர்த்து வைத்தால் அப்படித் தள்ளிவிட முடியாது. மருந்தைத் தவறாமல் சாப்பிடுவது நம் கடமை. சுவாசிக்கத் தகுந்த காற்றைத் தருவது அரசின் கடமை, தொழில் நடத்துபவரின் கடமை. நம்முடையதைச் செய்துவிட்டு, அவர்களுடையதைக் கேட்போம்.