சத்திரவைத்தியர்க்கு வேண்டிய பண்புகள்

சத்திரவைத்தியம் கையாற் செய்யப்படும் தொழிலாதலின், கைத்திறனே நல்ல சத்திரவைத்தியரை ஆக்கும் எனப் பலர் எண்ணுவர். கைத்திறன் இன்றியமையாததே. எனினும், அஃதொன்றே போதுமா என்பது ஆராயத்தக்கது.

பண்டை ஆசிரியராகிய சுசுருதர், பூசணி, வெள்ளரி முதலிய காய்களை அறுத்துப் பழகுமாறு மாணாக்கர்க்கு விதித்தார். அவர் சத்திரவைத்தியர்க்குரியனவாகக் கூறியவை அஞ்சாமை, விரைவு, கூரிய கருவி, வியர்வையும் நடுக்கமும் இன்மை, மனமயக்கமின்மை என்பன. இவற்றுட் பல உள்ளத்தின் உறுதியைச் சார்ந்தவை. மயக்கமருந்து இல்லாத காலத்தில் விரைவே கருணையாயிருந்தது. 1846இல் பொஸ்ரன் நகரில் ஈதரின் பயன் பலரறியக் காட்டப்பட்டபின், விரைவினும் பொறுமை சிறப்புப் பெற்றது.

1867இல் லிஸ்ரர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே மானிப்பாய் வைத்தியர் கிறீன் 'இரணவைத்தியம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். தமிழிற் பயின்ற வைத்தியர் தம் ஊர்களிலேயே தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவர் கருத்து. நோயாளரின் மொழியும் வாழ்வும் அறிந்தவரே அவர்க்கு முழுதும் உதவ வல்லவர் என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது.

இவ்வுண்மையை ஊவாத் தோட்டப்புறங்களில் நன்கு உணரலாம். பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளின் தோட்டத் தொழிலாளர் கடும் நோயுற்றால் பதுளைப் பெரிய வைத்தியசாலையை நாடுகின்றனர். ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் அந்நாட் பேர் இல்லை. பேர் இல்லையேற் கூலியும் இல்லை. ஆதலால் வயிற்றுவலியையும் கவ்வாத்துக் கத்தி பட்ட காயத்தையும் பொறுத்திருந்து, முற்றிய பின்னரே வருவோர் உளர். "ஏன் தாமதித்தாய்?" எனச் சினப்பவர் அச்சத்தையே வளர்ப்பர், காரணத்தைக் கேட்டறிபவர் நோயின் வரலாற்றையும் அறிவர்.

தமிழ் மட்டுமே அறிந்த தாயொருத்தி, விளங்காத தாளிற் கைந்நாட்டு இடுவது உடன்பாடு ஆகாது. எம்மொழியினராயினும், அவள் மொழியிற் சில சொற்களையேனும் கற்று, அன்றேல் தக்க மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, செய்யப்போவதை விளக்குவது சத்திரவைத்தியர் கடன். சிகிச்சையின்பின் "ஓய்வெடு" என்றல் எளிது. செங்குத்தான மலைச்சரிவிற் கொழுந்துச் சுமையுடன் இறங்குபவளுக்கு அவ்வோய்வு எங்ஙனம் வாய்க்கும் எனச் சிந்தித்து, வேண்டிய சான்றிதழை எழுதிக்கொடுப்பதும் அவர் கடனே.

இவற்றுடன் பணிவும் வேண்டும். மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என வள்ளுவர் நான்காக வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் வைத்தியரும் தாதியரும் கூடி வாய்விட்டுக் கூறிச் சரிபார்ப்பதையே வேண்டுகின்றது. எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அதனைக் கையாண்டபோது, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்தமை 2009இல் வெளியாயிற்று. தாதியின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்கும் பணிவு உயிர்காக்கும் என்பதற்கு இது சான்று.

வைத்தியத்துறையை நாடும் மாணவர் கைத்திறனைக் கல்லூரியிற் பெறுவர். பிறர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கத்தையோ இன்றே, தம் வீட்டிலும் அயலிலும், பயிலத் தொடங்கலாம்.